காரியாலயச் சிரிப்பு

உத்தியோகம் பார்க்கிற மனிதனுக்கு உலகத்தில் தாராளமாகக் கிடைக்கும் இலவசப் பொருள் உபதேசம். அதிகாலையில் எழுந்திரு, செய்ய வேண்டியதை வரிசையாக எழுதி வை, எதிரே இருப்பவரைப் பெயர் சொல்லி அழை, குறை கூறுவதற்கு முன்னால் இரண்டு வார்த்தை புகழ்ந்து வை, எப்போதும் முகமலர்ச்சியோடு இரு. இப்படி ஐம்பது அறுபது யோசனைகளை யாரும் மூச்சு விடாமல் சொல்லிவிடலாம். அவற்றில் பெரும்பாலானவை நல்ல யோசனைகள்தாம். அதுதான் சங்கடமே. கெட்ட யோசனையாக இருந்தால் ஒதுக்கிவிட்டுப் போய்விடலாம். நல்ல யோசனையைக் கெட்ட எண்ணத்தோடு கடைப்பிடிக்கிறவனை என்ன செய்வது? மகானாகவும் இல்லாமல், அயோக்கியனாகவும் இல்லாமல், பிழைக்க வேண்டுமே என்பதற்காக மட்டும் அதைக் கடைப்பிடிக்கிற நம்மைப் போன்றவர்களை எந்தப் பக்கத்தில் சேர்ப்பது?

என் உறவுக்காரப் பையன் ஒருவன் ஒரு கம்பெனியில் சேர்ந்து இரண்டு வருஷமாகிறது. விடுமுறைக்கு வந்திருந்தவன் பேச்சுவாக்கில் சொன்னான்:

"மாமா, எங்கள் ஆபீஸில் மூன்று நாள் வகுப்பு வைத்தார்கள். கூட வேலை செய்கிறவர்களிடம் எப்படிப் பழக வேண்டும் என்று கற்றுக் கொடுத்தார்கள்."

"நல்லதுதானே?"

"நல்லதுதான். ஆனால் எங்கள் மானேஜரும் அதே வகுப்பில்தான் உட்கார்ந்திருந்தார். இப்போது அவர் என்னைப் பார்த்து, 'அம்மாவுக்கு உடம்பு தேவலையா?' என்று கேட்டால், நிஜமாகவே கேட்கிறாரா, இரண்டாம் நாள் பாடத்தை ஒப்பிக்கிறாரா என்று புரியவில்லை, மாமா!"

அவன் சிரித்தான், நானும் சிரித்தேன். ஆனால் யோசித்துப் பார்த்தால் இது சிரித்துவிட்டுப் போகிற விஷயமல்ல. தன் தாயின் உடம்பைப் பற்றி ஒருவர் விசாரித்தால் அதைக்கூட நம்ப முடியாமல் போவது ஓர் இளைஞனுக்குச் சிறிய நஷ்டமா? அந்த மானேஜர் ஒருவேளை மனம் கனிந்துதான் கேட்டிருப்பார். அப்படியானால் அவருக்கும் நஷ்டம். கள்ள நாணயம் புழங்குகிற சந்தையில் நல்ல நாணயத்தையும் தட்டிப் பார்த்துத்தானே வாங்குகிறார்கள்?

இந்த வகுப்புகளுக்கெல்லாம் பாட்டனார் என்று சொல்லத்தக்கவர் டேல் கார்னகி என்ற அமெரிக்கர். 1912-ஆம் ஆண்டில் நியூயார்க் ஒய்.எம்.சி.ஏ.யில் மேடைப் பேச்சு கற்றுக் கொடுக்கத் தொடங்கியவர், 1936-இல் நண்பர்களைச் சம்பாதிப்பதைப் பற்றியும், பிறரைத் தம் வழிக்குக் கொண்டு வருவதைப் பற்றியும் ஒரு புத்தகம் வெளியிட்டார். அது உலகமெங்கும் லட்சக்கணக்கில் விற்றது. கார்னகிக்கு நாம் அநியாயம் செய்யக் கூடாது. முகஸ்துதி வேறு, மனப்பூர்வமான பாராட்டு வேறு என்று அவரே வற்புறுத்தத்தான் செய்கிறார். ஆனால், "காரியம் ஆக வேண்டுமானால் மனப்பூர்வமாக இரு" என்று ஒருவனுக்குச் சொல்லிக் கொடுத்தால், அவன் மனம் எங்கே போய் நிற்கும்? மனிதனின் பக்கத்திலா, காரியத்தின் பக்கத்திலா?

இந்தச் சிக்கலைக் கார்னகிக்கு வெகு காலம் முன்பே ஒரு ஜெர்மானியத் தத்துவ ஞானி எடுத்து அலசியிருக்கிறார். இம்மானுவேல் கான்ட் 1785-இல் வெளியிட்ட ஒரு நூலில் ஒரு கடைக்காரரைக் கொண்டு வந்து நம் முன் நிறுத்துகிறார். விவரம் தெரியாதவர்களிடம் அந்தக் கடைக்காரர் அதிக விலை வாங்குவதில்லை. குழந்தை வந்து கேட்டாலும் ஒரே விலைதான். ஆனால் அப்படி நடந்துகொண்டால்தான் வியாபாரம் நிலைக்கும் என்பது அவருக்குத் தெரியும். நாணயமாக நடந்துகொண்டார், சரி. ஆனால் நாணயத்துக்காக நடந்துகொண்டாரா? கான்ட் இல்லை என்கிறார். செய்கை கடமைக்குப் பொருந்தியிருக்கிறது. கடமை உணர்ச்சியால் பிறக்கவில்லை.

குழந்தையைக் கடைக்கு அனுப்பிய தாயாரைக் கேட்டால், "கடைக்காரர் மனசு எனக்கு எதற்கு? சரியான எடை, சரியான விலை, அது போதும்" என்பாள். அவள் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. ஒரு காரியாலயத்தில் முப்பது பேர் ஒருவரோடொருவர் மரியாதையாகப் பேசிக்கொண்டால், அந்த மரியாதை எந்த ஊற்றிலிருந்து வந்தாலும் சாயங்காலம் எல்லாரும் தலைவலி இல்லாமல் வீட்டுக்குப் போவார்கள். ஆனால் கான்டின் கேள்வி அத்துடன் தீரவில்லை. நாணயத்தில் லாபம் இருக்கிற வரையில் கடைக்காரர் நாணயஸ்தர். ஏமாற்றினால்தான் லாபம் என்று ஒரு நாள் வந்தால்?

அந்த ஒரு நாள் காரியாலயங்களில் அடிக்கடி வருகிறது.

எனக்குத் தெரிந்த ஓர் அலுவலகத்தில் ஓர் அதிகாரி இருந்தார். தேன் ஒழுகப் பேசுவார். அவருக்குக் கீழே வேலை பார்த்த பெண்மணி ஒருத்தியிடம், "நீங்கள் இல்லாவிட்டால் இந்த ஆபீஸே நடக்காது, அம்மா" என்பார். அந்த ஒரு வார்த்தைக்காக அவள் வாரத்தில் மூன்று நாள் இரவு எட்டு மணி வரை இருந்து வேலையை முடித்துக் கொடுப்பாள். வீட்டில் குழந்தை தூங்கிப் போயிருக்கும். இரண்டு வருஷம் இப்படி. பிறகு பதவி உயர்வுப் பட்டியல் வந்தது. அவள் பெயர் அதில் இல்லை. அவளைப் பற்றி அதே அதிகாரி மேலிடத்துக்கு எழுதிய குறிப்பில், "சுமார்" என்ற ஒரு சொல்லைத் தவிர வேறொன்றும் இல்லை என்பது மெதுவாகத் தெரிய வந்தது. அடுத்த பிரிவில் இருந்தவரிடமும் அவர் அதே வார்த்தைகளைச் சொல்லி வந்திருக்கிறார் என்பதும் தெரிந்தது.

அவள் அழவில்லை, சண்டை போடவும் இல்லை. ஆறு மாதத்தில் அந்த அதிகாரி மாற்றலாகிப் போனார். புதிதாக வந்தவர் அதிகம் பேசாதவர்; ஆனால் வேலையின் அருமை தெரிந்தவர். ஒரு நாள் அவள் தயாரித்த கணக்கைப் பார்த்துவிட்டு, "ரொம்ப நன்றாகச் செய்திருக்கிறீர்கள்" என்று உண்மையாகவே சொன்னார். அவள் நிமிர்ந்து பார்த்துக் கேட்டாள்: "இன்றைக்கு எத்தனை மணி வரைக்கும் இருக்க வேண்டும், ஸார்?"

முந்தியவர் திருடிக்கொண்டு போனது அவளுடைய மாலை நேரங்களை மட்டுமல்ல. அவருக்குப் பின்னால் வருகிறவர்களின் நல்ல வார்த்தைகளையும் சேர்த்துத்தான் திருடிக்கொண்டு போனார்.

இதைக் கேட்டதும் சிலர் மார்பைத் தட்டிக்கொள்வார்கள். "இதனால்தான் நான் யாரிடமும் குழைவதில்லை, மனசில் பட்டதைப் பட்டென்று சொல்லிவிடுவேன்" என்பார்கள். இவர்கள் வேறொரு ஜாதி. ஒருவனுடைய தவறைப் பத்துப் பேர் நடுவில் எடுத்துக் காட்டிவிட்டு, அதற்கு வெளிப்படை என்று பெயர் சூட்டுகிறவர்கள். தவறைத் திருத்துவதுதான் நோக்கமென்றால் அறைக்குள் கூப்பிட்டுச் சொன்னாலும் திருந்துமே? பத்துப் பேர் எதற்கு? இனிப்பாகப் பேசுவது எப்போதும் பொய் இல்லை. கசப்பாகப் பேசுவது எப்போதும் மெய்யும் இல்லை. ஆகவே நாம் தேடுகிற அளவுகோல் நாக்கின் சுவையில் இல்லை.

அப்படியானால் எங்கே இருக்கிறது? நான் நெடுநாளாக எனக்கென்று வைத்துக்கொண்டிருக்கிற ஒரு சின்ன அளவுகோலைச் சொல்கிறேன். ஒருவரிடம் ஒரு முறையைக் கையாளும்போது, அந்த முறையை அவரிடமே வாய்விட்டுச் சொல்லிவிட்டால் அது கெட்டுப் போகுமா, கெடாதா? சொன்னால் கெட்டுப் போவது தந்திரம். சொன்ன பிறகும் கெடாமல் நிற்பது நல்ல பழக்கம்.

பெயரை நினைவில் வைத்துக்கொள்வதை எடுத்துக்கொள்வோம். "உங்கள் பெயர் மறந்துவிடக் கூடாதென்று டயரியில் எழுதி வைத்துக்கொண்டேன்" என்று ஒருவரிடம் சொல்லுங்கள். அவர் கோபித்துக்கொள்வாரா? சந்தோஷமல்லவா படுவார்! "உங்களிடம் என் பில் பாஸாகிற வரைக்கும் உங்கள் பெயரை ஞாபகம் வைத்திருப்பேன்" என்று சொல்ல முடியுமா? முன்னதைச் சொல்லலாம், பின்னதைச் சொல்ல முடியாது. இரண்டிலும் வெளியே தெரிவது ஒரே பெயர், ஒரே புன்னகை.

என் உறவுக்காரப் பையனின் மானேஜரும் இப்படிச் சொல்லியிருக்கலாம்: "அந்த வகுப்பில் உட்கார்ந்தபோதுதான் எனக்கு உறைத்தது, தம்பி. இரண்டு வருஷமாக உன் வீட்டைப் பற்றி ஒரு வார்த்தை நான் கேட்டதில்லை. அம்மாவுக்கு எப்படி இருக்கிறது?" வகுப்பிலிருந்து வந்த கேள்விதான். ஆனாலும் அதை ஒளிக்காமல் சொன்னதும் அது உயிருள்ள கேள்வியாகிவிடுகிறது. கற்றுக்கொண்டு செய்வது போலி ஆகாது. கற்றுக்கொண்டதை மறைக்க வேண்டியிருக்கும்போதுதான் சந்தேகப்பட வேண்டும்.

பெஞ்சமின் பிராங்க்ளினுடைய சுயசரிதையில் இதற்கு ஓர் அழகான உதாரணம் இருக்கிறது. அச்சுத் தொழிலாளியாக வாழ்க்கையைத் தொடங்கிய அவர், இளமையில் 13 நற்குணங்களைப் பட்டியல் போட்டு, ஒரு சிறிய நோட்டுப் புத்தகத்தில் கட்டம் கட்டி, வாரத்துக்கு ஒரு குணமாகப் பயின்றார். தவறிய நாளில் அந்தக் கட்டத்தில் ஒரு கரும்புள்ளி வைப்பார். 13 வாரத்தில் ஒரு சுற்று. வருஷத்தில் நான்கு சுற்று. முதலில் பட்டியலில் 12 குணங்கள்தாம் இருந்தன. நண்பர் ஒருவர், "உம்மைக் கர்வி என்று எல்லாரும் சொல்கிறார்களே!" என்று அன்போடு எடுத்துக் காட்டிய பிறகு, பணிவையும் சேர்த்துக்கொண்டார். "நிச்சயமாக", "சந்தேகமில்லாமல்" என்ற சொற்களை விட்டுவிட்டு, "எனக்கு இப்படித் தோன்றுகிறது" என்று பேசப் பழகினார்.

முதுமையில் திரும்பிப் பார்த்து அவர் சொல்வதுதான் வேடிக்கை. பணிவின் தோற்றத்தை நன்றாகவே சம்பாதித்தேன், ஆனால் உண்மைப் பணிவு வந்துவிட்டதாகப் பெருமைப்பட்டுக்கொள்ள முடியாது என்கிற கருத்தில் எழுதுகிறார். கர்வத்தை வென்றுவிட்டதாக நினைத்தால், அந்தப் பணிவைப் பற்றியே கர்வப்படுவேன் என்றும் சேர்த்துக்கொள்கிறார். தம்முடைய பாவனையை இவ்வளவு பகிரங்கமாக ஒப்புக்கொள்கிறவரை நாம் போலி என்று தள்ளிவிட முடியுமா? ஆரம்பத்தில் சுபாவத்துக்கு விரோதமாக வலிந்து செய்தது, போகப் போகச் சுலபமான வழக்கமாகிவிட்டது என்றும் அவரே சொல்கிறார். கான்ட் முகம் சுளிக்கலாம். பட்டினத்துப் பேருந்தில் நின்றுகொண்டு வேலைக்குப் போகிற நமக்கு இதில் ஒரு நம்பிக்கை இருக்கிறது. மனம் தூய்மையாகிற வரையில் காத்திருந்து, அப்புறம்தான் நல்ல வார்த்தை பேசுவது என்றால் நம்மில் பலர் ஓய்வு பெற்றுவிடுவோம்.

அதே பிராங்க்ளின் செய்த இன்னொரு காரியத்தில் நம்முடைய அளவுகோல் சற்றே தடுமாறுகிறது. பென்ஸில்வேனியா சட்டசபையில் அவர் குமாஸ்தாவாக இருந்தபோது, புதிய உறுப்பினர் ஒருவர் அவரை எதிர்த்துப் பேசினார். பிராங்க்ளின் அவரைப் போய்க் கெஞ்சவில்லை. அவரிடம் ஓர் அபூர்வமான புத்தகம் இருப்பதாகக் கேள்விப்பட்டு, சில நாளைக்கு இரவல் கேட்டுக் கடிதம் எழுதினார். புத்தகம் உடனே வந்தது. ஒரு வாரத்தில் நன்றிக் கடிதத்துடன் திருப்பி அனுப்பினார். அதுவரை முகம் கொடுத்துப் பேசாதவர் அடுத்த முறை தாமே வந்து பேசினார். அந்த உறுப்பினர் இறக்கும் வரை நட்பு நீடித்தது. நமக்கு உபகாரம் செய்தவனைவிட, நம்மிடம் உபகாரம் பெற்றவனிடத்தில்தான் நமக்குப் பிரியம் உண்டாகிறது என்பது இதன் ரகசியம்.

இது தந்திரமா, நல்ல பழக்கமா? புத்தகத்தைப் படிக்கும் ஆசை அவருக்கு உண்மையில் இருந்ததா என்பதைப் பொறுத்தது. 1731-இலேயே பிலடெல்பியாவில் சந்தா நூலகம் ஒன்றை நிறுவிய மனிதருக்கு அந்த ஆசை இருந்திராது என்று நான் நினைக்கவில்லை. "உங்கள் புத்தகத்தையும் படிக்க வேண்டும், உங்கள் சிநேகிதமும் வேண்டும்" என்று அவர் நேரிலேயே சொல்லியிருந்தாலும் காரியம் கெட்டிருக்காது. ஆனால் படிக்காமலே அலமாரியில் வைத்திருந்து திருப்பி அனுப்பியிருந்தால்? அதைச் சொல்ல முடியாது. நம் காரியாலயங்களிலும் இது நடக்கிறது. தெரியாததை அடுத்த மேஜைக்காரரிடம் கேட்டுக்கொள்கிறவனிடம் அந்த மனிதருக்குப் பிரியம் வருகிறது. தெரிந்ததையே தெரியாதது போலக் கேட்டுக் குளிர்விக்கிறவனின் சாயம் ஒரு மழைக்குத் தாங்காது.

காது கொடுத்துக் கேட்பதற்கும் இதே விதிதான். சிகாகோவை அடுத்த ஸிஸரோவில் வெஸ்டர்ன் எலெக்ட்ரிக் கம்பெனியின் ஹாதார்ன் தொழிற்சாலை டெலிபோன் சாதனங்கள் செய்துகொண்டிருந்தது. வெளிச்சத்தை அதிகமாக்கினால் வேலை அதிகமாகுமா என்று 1924-இல் அங்கே சோதனை செய்ய ஆரம்பித்தார்கள். வெளிச்சத்தைக் குறைத்தபோதும் வேலை குறையாதது கண்டு விழித்தார்கள். பிறகு ஹார்வர்டு பேராசிரியர் எல்டன் மேயோ முதலியவர்கள் வந்து சேர்ந்தார்கள். 1928 முதல் 20,000-க்கும் மேற்பட்ட தொழிலாளர்களைத் தனித்தனியே உட்கார வைத்துப் பேட்டி கண்டார்கள். முதலில் கேள்விப் பட்டியலோடுதான் போனார்கள். தொழிலாளர்களோ பட்டியலில் இல்லாததையே பேசினார்கள். ஆகவே பட்டியலை மடித்து வைத்துவிட்டு, அவர்கள் பேசுவதைக் குறுக்கிடாமல் கேட்கத் தொடங்கினார்கள்.

அந்தச் சோதனைகளின் முடிவுகளைப் பற்றிப் பின்னால் வந்த ஆராய்ச்சியாளர்கள் நிறைய வாதாடியிருக்கிறார்கள். ஆனால் மனிதன் பேசுவதைக் கேட்டாலே அவன் பாரம் கொஞ்சம் குறைகிறது என்பதற்கு ஆராய்ச்சி கூட வேண்டியதில்லை. ஆபத்து அங்கேயே இருக்கிறது. கேட்டாலே பாரம் குறைகிறதென்றால், கேட்பதோடு நிறுத்திக்கொள்ளலாமே என்று முதலாளிக்குத் தோன்றாதா? "சம்பளத்தை உயர்த்த வேண்டாம், விசிறி போட வேண்டாம்; நீ சொல்வதைத் தலையாட்டிக் கேட்டால் போதும் என்று கண்டுபிடித்திருக்கிறேன்" என்று அந்தத் தொழிலாளியின் முகத்துக்கு நேரே சொல்ல முடியுமா? 1929-இல் தொடங்கிய பொருளாதார நெருக்கடியில் அந்தத் தொழிற்சாலையிலும் ஏராளமானவர்கள் வேலை இழந்தார்கள். சோதனைகளும் நின்று போயின. காதுக்கு மட்டும் இருக்கிற பரிவு, கைக்கு வராவிட்டால், நெருக்கடி நேரத்தில் அதற்கு மதிப்பில்லை. "நீ சொன்னதைக் கேட்டேன். இதில் இந்த இரண்டை என்னால் செய்ய முடியும், மூன்றாவதைச் செய்ய முடியாது" என்று சொல்கிறவனே கேட்டவன்.

முடியாது என்று சொல்வதைப் பற்றியும் இங்கே ஒரு வார்த்தை. நம்மவர்களுக்கு மிகவும் கஷ்டமான சொல் அதுதான். "பார்க்கலாம்", "செய்துவிடலாம், ஸார்", "நாளைக்கு வாருங்கள்" என்று வாயில் வருகிறதே தவிர, முடியாது என்று வருவதில்லை. இதற்குத் தாட்சண்யம் என்று பெயர் வைத்திருக்கிறோம். "உங்களிடம் இல்லையென்று சொல்லக் கூச்சமாக இருந்தது; அதனால் உங்களை நான்கு முறை நடக்க வைத்தேன்" என்று அந்த மனிதரிடம் சொல்லிப் பாருங்கள்! ஒப்புக்கொண்ட வேலையைச் சொன்ன நாளில் முடிப்பதும், முடியாதென்று தெரிந்த அன்றே தெரிவித்துவிடுவதும் வெறும் சுறுசுறுப்பைச் சேர்ந்த விஷயங்களாகத் தோன்றும். எதிரே காத்திருக்கிறவனுடைய ஆயுளில் நாம் எடுத்துக்கொள்கிற பங்கைச் சேர்ந்த விஷயங்கள் அவை.

பிறர் செய்த வேலையை நம் பெயரில் மேலே அனுப்புவதற்கும் அளவுகோலை வைத்துப் பார்க்கலாம். செய்தவனை அறையில் வைத்துக்கொண்டே மேலதிகாரியிடம், "இது என் யோசனை" என்று சொல்ல நா எழுமா? எழாதென்றால், அவன் இல்லாதபோதும் எழக் கூடாது.

இங்கே ஓர் ஆட்சேபம் எழும். "எல்லாவற்றையும் முகத்துக்கு நேரே சொல்லிக்கொண்டிருந்தால் காரியாலயம் நடக்குமா? மனைவியை இழந்து புதிதாக வேலைக்குத் திரும்பியவரிடம், 'உங்களுக்காகத்தான் வேலையைக் குறைத்துக் கொடுத்திருக்கிறோம்' என்று சொல்லிக் காட்டுவது நாகரிகமா?" நியாயமான ஆட்சேபம். சில உபகாரங்களை மறைத்துத்தான் செய்ய வேண்டும். ஆகவே அளவுகோலைக் கொஞ்சம் திருத்திக்கொள்வோம். இப்போது சொல்ல வேண்டாம். பின்னால் ஒரு நாள் அவருக்கே தெரிய வந்தால்? வேலையைக் குறைத்தது தெரிய வரும்போது அவர் கண் கலங்குவார். "நீங்கள் இல்லாவிட்டால் ஆபீஸே நடக்காது" என்று கேட்ட பெண்மணிக்கும் பின்னால்தான் தெரிய வந்தது. யாருடைய நன்மைக்காக மறைத்தோம் என்பதை அந்த நாள் காட்டிக் கொடுத்துவிடும்.

திருக்குறளில் அமைச்சரின் தொழிலைச் சொல்லும் பகுதி இப்படிப்பட்ட யோசனைகளின் சுரங்கம். பரிமேலழகர் கொண்டிருக்கும் வரிசையில் 65-ஆவது அதிகாரம் சொல்வன்மை, 67-ஆவது வினைத்திட்பம், 68-ஆவது வினை செயல்வகை. பேசும் திறமை, செய்யும் உறுதி, செய்யும் முறை ஆகிய மூன்றையும் இன்றைய வகுப்புகளில் கட்டணம் வாங்கிக்கொண்டு சொல்லிக் கொடுக்கிறார்கள். நல்ல காரியமே. ஆனால் நடுவில் 66-ஆவதாக ஓர் அதிகாரம் இருக்கிறதே, அதற்குப் பெயர் வினைத்தூய்மை. பேசத் தெரிந்தவன் செய்யக் கிளம்புவதற்கு முன்னால் அந்த வாசலைக் கடந்துதான் போக வேண்டும் போலிருக்கிறது.

நாளைக் காலையில் உங்கள் மேஜைக்கு முன்னால் யாராவது வந்து நிற்பார். அவரைப் பார்த்துச் சிரியுங்கள். பெயரைச் சொல்லி உட்காரச் சொல்லுங்கள். அவர் சொல்வதை முழுவதும் கேளுங்கள். இவையெல்லாம் புத்தகத்தில் உள்ள யோசனைகள்தாம். கடைப்பிடிப்பதில் கௌரவக் குறைவு ஒன்றுமில்லை. நீங்கள் ஏன் அப்படிச் செய்தீர்கள் என்பது அவர் படியிறங்கிப் போகும்போது யார் மூலமாவது தெரிய வந்தால், அவர் திரும்பி வந்து உங்கள் கையைப் பிடித்துக்கொள்வாரா, இல்லை முகத்தைத் திருப்பிக்கொண்டு நடப்பாரா என்று மட்டும் ஒரு நிமிஷம் யோசித்துவிட்டுச் சிரியுங்கள்.